தேள் ராஜாவின் முகம்: ‘தி மம்மி ரிட்டர்ன்ஸ்’ படத்தில் ஒரு ஷாட் தோற்ற கதை

இரண்டு மணி நேரமாக ‘வரப்போகிறான், வரப்போகிறான்’ என்று பயம் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பொன் பிரமிடுக்குள்ளே செத்து உயிர்த்தெழுந்த பூசாரி இம்ஹோடெப்பும் கதாநாயகன் ரிக் ஓகானலும் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். இருட்டில் ஏதோ நகரும் சத்தம். ஒரு நிழல், ஒரு கொடுக்கு, ஒரு வால். அப்புறம் தேள் ராஜா முழுசாக வெளிச்சத்துக்கு வருகிறான். இடுப்புக்குக் கீழே ராட்சதத் தேள், இடுப்புக்கு மேலே ‘தி ராக்’ டுவைன் ஜான்சன்.

நான் பார்த்தது தமிழ் டப்பிங்கில். பின்வரிசைப் பையன்கள் “ராக்குடா!” என்று கத்தினார்கள். ஐந்து விநாடி போயிருக்கும், அவர்களில் ஒருவன் “என்னடா இது, பொம்மை மாதிரி இருக்கு?” என்றான். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தப் படத்தின் கிராபிக்ஸ் பற்றிப் பேசுகிற யாரும் அந்தப் பையன் சொன்னதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. மோசமான கிராபிக்ஸுக்கு உதாரணம் கேட்டால் முதலில் நீட்டப்படுகிற படம் அதுதான்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. இதே படத்தில், அவனைச் செய்த அதே கிராபிக்ஸ் கம்பெனியின் வேறு வேலைகள் இன்றைக்கும் கண்ணை உறுத்தாமல் நிற்கின்றன. ஆயிரக்கணக்கில் ஓடிவரும் நரித்தலைச் சேனை நிற்கிறது, லண்டன் பஸ்ஸில் தொற்றி ஏறும் மம்மிகள் நிற்கின்றன. அப்படியிருக்க இந்த ஒரு முகம் மட்டும் ஏன் விழுந்தது? கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் வயது எல்லா ஷாட்டுக்கும் ஒன்றுதானே.

எப்படித் தொடங்கியது

1999 மே 7-ல் முதல் பாகம் வந்தது. யுனிவர்சல் நிறுவனம் 8 கோடி டாலர் போட்டு எடுத்த படம். பெரிய நட்சத்திரம் என்று யாரும் கிடையாது. இயக்குநர் ஸ்டீபன் சோமர்ஸ் அதற்கு முன் எடுத்திருந்தது நடுக்கடலில் ஒரு கப்பலுக்குள் ராட்சதப் பிராணி புகும் படம். அது சரியாகப் போகவில்லை. மம்மியோ முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் 4.3 கோடி டாலர் வசூலித்தது. உலகம் முழுக்க 41 கோடிக்கு மேல். முதல் வார இறுதிக் கணக்கு கைக்கு வந்தவுடனேயே சோமர்ஸுக்கு ஸ்டுடியோவிலிருந்து போன் வந்துவிட்டது: இன்னொன்று வேண்டும்.

2000 மே மாதம் படப்பிடிப்பு தொடங்கியது. மொராக்கோ, ஜோர்டான், பிறகு இங்கிலாந்து. 2001 மே 4-ல் படம் தியேட்டரில். நடுவில் ஒரே ஒரு வருடம். அதற்குள் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, ஆலன் சில்வெஸ்ட்ரி இசை சேர்த்து, நூற்றுக்கணக்கான கிராபிக்ஸ் ஷாட்டுகளை முடித்துக் கொடுக்க வேண்டும். கிராபிக்ஸ் பொறுப்பு இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கம்பெனிக்கு. முதல் பாகத்தின் கிராபிக்ஸ் மேற்பார்வையைப் பார்த்த ஜான் பெர்ட்டனே இதையும் பார்த்தார். செலவு 9.8 கோடி டாலர். முதல் பாகத்தைவிடக் கால் பங்குகூடக் கூடவில்லை. திரையில் காட்ட வேண்டியதோ இரண்டு மூன்று மடங்கு.

அந்த மடங்குக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதல் படத்தில் பாலைவன மணலே சுவராக எழுந்து, அதில் இம்ஹோடெப்பின் முகம் வாயைத் திறந்துகொண்டு ஒரு விமானத்தைத் துரத்தும். இதில் தண்ணீர் சுவராக எழுந்து, அதே முகம், அதே வாய், ஆகாயக் கப்பலைத் துரத்துகிறது. முதல் படத்தில் ஒரு வில்லன். இதில் இம்ஹோடெப், அவன் காதலி அனக்-சு-நமூன், அருங்காட்சியக அதிகாரி, சிவப்பு அங்கிக் கூட்டம், எல்லாருக்கும் மேலே தேள் ராஜா. முதல் படத்தில் காதலர்கள். இதில் அவர்களுக்கு அலெக்ஸ் என்று எட்டு வயதுப் பையன். அவன் கையில் அனுபிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் காப்பு மாட்டிக்கொள்கிறது. ஏழு நாளைக்குள் பிரமிடைத் தொடாவிட்டால் உயிர் போய்விடும். அதுவும் போதாது என்று கதாநாயகி எவ்லினுக்குப் பூர்வ ஜென்மம் வேறு. அவள்தான் எகிப்தின் செட்டி மன்னனின் மகள் நெஃபர்திரியாம். பூர்வ ஜென்மக் கதையில் ஊறிய நமக்கு அது புதிதில்லை. மம்மிப் படங்களுக்கும் புதிதில்லை. 1932-ல் போரிஸ் கார்லோஃப் நடித்த பழைய ‘மம்மி’யிலேயே செத்துப்போன இளவரசி இன்னொரு பெண்ணாகப் பிறந்து வந்திருப்பாள்.

130 நிமிடத்தில் மூச்சு விட இடமில்லை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முதல் பாகத்தைச் சிரித்துக்கொண்டே ரசித்தவர். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்திருப்பதுபோல, பத்து நிமிடத்துக்கு மேல் அலுப்புத் தட்டுகிறது என்கிற பொருளில் எழுதினார். அவர் சொன்னது நியாயம்தான். சூரியன் உதிப்பதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிரமிடுக்குள் ஓகானல் ஓடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெயில் கோடு தரையில் துரத்தி வருகிறது, இவர் அதை முந்துகிறார். எகிப்து இருக்கும் அட்சரேகையில் அந்தக் கோடு நகரும் வேகம் மணிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர். சரி, போகட்டும். தியேட்டரில் நானும் கை தட்டினேன்.

தேறிய வேலைகள்

பஸ் சண்டையை முதலில் சொல்லலாம். லண்டன் தெருவில் ஒரு சிவப்பு மாடி பஸ். எவ்லினின் அண்ணன் ஜோனதன் ஓட்டுகிறான். நாலு மம்மி வீரர்கள் சுவரில் பல்லிபோல ஓடி வந்து பஸ்ஸின் மேல் தாவுகிறார்கள். தாழ்வான பாலம் ஒன்றில் மேல் தளம் அப்படியே சீவிக்கொண்டு போகிறது. இங்கே பஸ் நிஜம், தெரு நிஜம், உடைகிற கண்ணாடி நிஜம். மேலே ஏறுகிற மம்மி மட்டும்தான் கம்ப்யூட்டர் வேலை. அதற்கும் காய்ந்த தோல், பாதி எலும்பு. ஓரிடத்தில் ஓரிரு விநாடிக்கு மேல் அது நிற்பதும் இல்லை. செத்து மூவாயிரம் வருடமான பிணம் எப்படி ஓடும் என்று நம்மில் யாரும் பார்த்ததில்லை. ‘இப்படியா ஓடும்?’ என்று கேட்கக் கண்ணிடம் அளவுகோலே கிடையாது.

அனுபிஸின் சேனையும் அப்படித்தான். மணலிலிருந்து எழும் கரிய உடம்பு, நரித்தலை. வெட்டினால் ரத்தம் வராது, கறுப்பு மணலாக உதிரும். ஓகானல் பக்கம் நிற்கும் மெட்ஜாய் என்ற பாலைவன வீரர்கள் முதல் அலையை வென்று வாளை உயர்த்திக் கூவி முடிப்பதற்குள் தொடுவானம் முழுக்க அடுத்த அலை எழுந்து நிற்கும். அந்த ஒரு ஷாட்டுக்காக இந்தப் படத்தை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். எண்ணிக்கைதான் அங்கே பயம். எந்த ஒரு முகத்தையும் உற்றுப் பார்க்க நேரமில்லை.

முதல் பாகத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்திருந்தார்கள். பாதி உயிர் பெற்ற இம்ஹோடெப்பின் கன்னத்தில் ஓட்டை. ஒரு வண்டு ஊர்ந்து வந்து அந்த ஓட்டை வழியே வாய்க்குள் போகும். அவன் அதை நறுக்கென்று கடித்து மெல்லுவான். அந்த முகம் அர்னால்ட் வோஸ்லூவின் சொந்த முகம். படப்பிடிப்பில் அதன் மேல் அடையாளப் புள்ளிகள் ஒட்டி, அசைவைத் தொடர்ந்து, தேவையான இடத்தில் மட்டும் சதையைக் கம்ப்யூட்டரில் ‘தோண்டி’ எடுத்தார்கள். கண், உதடு, புருவம் எல்லாம் நடிகருடையது. அழுகல் மட்டும் கம்பெனியுடையது.

இந்தப் பழக்கம் பழைய காலத்திலிருந்தே வருகிறது. 1932 படத்தில் ஜாக் பியர்ஸ் என்ற மேக்கப் கலைஞர் கார்லோஃபுக்கு எட்டு மணி நேரம் ஒப்பனை போட்டார். பஞ்சு, பசை, களிமண், துணி. இத்தனைக்கும் கட்டுத்துணியோடு அவர் திரையில் தெரிவது மிகச் சில நிமிடம்தான். பெட்டிக்குள் நின்றபடி கண்ணை மெல்லத் திறப்பார். அந்தக் கண்ணுக்காகத்தான் அந்த எட்டு மணி நேரமும்.

விழுந்த முகம்

தேள் ராஜாவில் இதைத் தலைகீழாக்கினார்கள். இங்கே கண்ணும் உதடும் புருவமும் மொத்தமாகக் கம்ப்யூட்டர் வேலை. அதுவும் யாருடைய முகம்?

ஜான்சன் அப்போது முழுநேர மல்யுத்த வீரர். ‘தி ராக்’ என்றால்தான் தெரியும். வாரா வாரம் டிவியில் வந்து, மைக்கைப் பிடித்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி எதிராளியைப் பார்ப்பார். அந்தப் புருவம்தான் அவருடைய முத்திரை. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பெஞ்சுக்கு அடியில் மல்யுத்த ட்ரம்ப் கார்டு ஆடிய தலைமுறைக்கு அந்த முகம், சொந்தக்காரர் முகத்தைவிட அதிகம் பழக்கம். உயரம், எடை, மார்பளவுவரை மனப்பாடம். பின்வரிசைப் பையன்கள் கத்தியது அதனால்தான். ‘பொம்மை’ என்றதும் அதனால்தான். செத்துப்போன பூசாரியின் முகத்துக்கு அவர்களிடம் அளவுகோல் இல்லை. ராக்குக்கு இருந்தது.

ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே இந்தப் பள்ளத்தைக் காட்டியிருந்தார். மனிதச் சாயல் கூடக் கூட ஒரு பொம்மை மீது நமக்கு ஒட்டுதல் கூடுகிறது. ஆனால் கிட்டத்தட்ட மனிதனாகவே ஆகி, இம்மியளவு குறைகிற இடத்தில் அந்த ஒட்டுதல் திடீரென்று அருவருப்பாகச் சரிகிறது. நரித்தலை வீரன் அந்தப் பள்ளத்துக்கு வெகு தூரத்தில் நிற்கிறான். தேள் ராஜா நடுப்பள்ளத்தில் நிற்கிறான்.

குறைந்தது எது என்று உற்றுப் பார்த்தால் முதலில் தெரிவது தோல். கையின் பின்னால் டார்ச் லைட்டை வைத்துப் பாருங்கள், விரல் ஓரமெல்லாம் சிவப்பாக ஒளிரும். நம் தோல் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்புவதில்லை. கொஞ்சம் உள்ளே வாங்கி, ரத்தத்திலும் கொழுப்பிலும் சிதறவிட்டு, வேறொரு இடத்தில் வெளியே விடுகிறது. காது மடலும் மூக்கு நுனியும் உயிரோடு இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். இந்த ஒளிச் சிதறலைச் சினிமா வேலைக்குத் தாங்குகிற வேகத்தில் கணக்கிட ஒரு வழியை ஹென்ரிக் வான் ஜென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹன்ராஹான் ஆகிய நால்வரும் சிக்ராஃப் என்ற கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மாநாட்டில் வெளியிட்டார்கள். 2001 ஆகஸ்டில். படம் வெளியாகி மூன்று மாதம் கழித்து! அடுத்த வருடம் டிசம்பரில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் கொல்லம் என்ற கம்ப்யூட்டர் பாத்திரம் வந்தபோது அவன் தோலில் இந்தச் சிதறல் இருந்தது. 2004-ல் ஜென்சன், மார்ஷ்னர், ஹன்ராஹான் மூவருக்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. தேள் ராஜாவின் தோலுக்கு இந்த வசதி இல்லை. பட்ட வெளிச்சம் மேலேயே வழுக்கி ஓடுகிறது. பிளாஸ்டிக் குடத்தில் விழுகிற வெளிச்சம்போல.

இதைக் காலத்தின் கோளாறு என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தக் குறையை மறைக்கக் கையில் இருந்த வழிகளில் எதையும் இந்தக் காட்சி பயன்படுத்தவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கு இதே கம்பெனி டைனோசர் செய்தபோது டி-ரெக்ஸின் முதல் தாக்குதல் இரவில், கொட்டும் மழையில் நடந்தது. ஈரத் தோலில் மின்னல் பட்டுத் தெறிக்கும்; கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். தேள் ராஜாவோ மஞ்சள் வெளிச்சம் நன்றாக அடிக்கிற மண்டபத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். அவனுக்கு இந்தப் பக்கம் ஓகானலாக வியர்வையும் தூசியும் பூசிய பிரெண்டன் ஃப்ரேசர், அந்தப் பக்கம் வோஸ்லூ. நிஜத்தோல் இரண்டுக்கு நடுவே பொய்த்தோல் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க நாம் வேறெங்கும் போக வேண்டியதே இல்லை.

1994-ல் இதே கம்பெனிதான் ‘ஃபாரஸ்ட் கம்ப்’ படத்தில் நடிகர் கேரி சினீஸின் கால்களைத் துடைத்து எடுத்து, போரில் காலிழந்த ராணுவ அதிகாரியாக்கியது. அதே வித்தையை இங்கே திருப்பிப் போட்டால்? ஜான்சனின் நிஜ மேலுடம்பைப் படம் பிடித்து, இடுப்பிலிருந்து கம்ப்யூட்டர் தேளை ஒட்டியிருக்கலாம். நார்னியா படத்தில் 2005-ல் ஆட்டுக்கால் மனிதனை அப்படித்தான் செய்தார்கள். ஜேம்ஸ் மெக்கவாயின் முகமும் நெஞ்சும் அவருடையவை, கால் மட்டும் செய்தது. சுவரில் ஏறி, தலைக்கு மேல் பாய்ந்து, கொடுக்கால் தூக்கி எறிகிற ஷாட்டுகளுக்கு முழுக் கம்ப்யூட்டர் உடம்பு வேண்டும்தான். ஆனால் முகத்தை அருகில் காட்டும் சில ஷாட்டுகளுக்கு?

ஜான்சனின் நிஜ முகம் படத்தில் இல்லாமலும் இல்லை. படம் தொடங்குவதே அவரோடுதான். கி.மு. 3067. தீப்ஸ் நகரத்தின் மேல் படையெடுத்துத் தோற்று, பாலைவனத்தில் துரத்தப்பட்டு, தாகத்தில் சாகக் கிடக்கிறான் தேள் ராஜா. ஆன்மாவை எடுத்துக்கொள், உயிரைக் கொடு என்று அனுபிஸிடம் கேட்கிறான். பக்கத்தில் ஊர்ந்து வரும் தேளைப் பிடித்து அப்படியே தின்கிறான். மணலில் சோலை முளைக்கிறது. மொராக்கோவில் இதை எடுத்தபோது ஜான்சனுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், வெயிலும் தாக்கி, நடுங்கிக்கொண்டு கிடந்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். திரையில் அந்த வாட்டம் காட்சிக்கு ஒத்தாசையாகவே இருக்கிறது. பெரிய வசனம் எதுவும் இல்லாமலே மனுஷன் ராஜாவாகத் தெரிகிறார். இந்த முகத்தை முதலிலேயே காட்டி மனதில் பதியவைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பொம்மையை நீட்டினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

கதைக்கு மட்டும் என்றால் தேள் ராஜாவுக்கு மனித முகமே தேவையில்லை. ஆன்மாவை விற்றவன், ஐயாயிரம் வருடம் பாதாளத்தில் கிடந்தவன் தேளாகவே திரும்பி வந்திருக்கலாம். இன்னும் பயமாகக்கூட இருந்திருக்கும். வியாபாரத்துக்குத்தான் முகம் தேவைப்பட்டது. ராக்கைப் போஸ்டரில் போட்டு, டிரைலரில் காட்டி, படமாக்கிய காட்சிகளைப் பார்த்த கையோடு அவரை வைத்துத் தனிப்படம் எடுக்கவும் ஸ்டுடியோ முடிவெடுத்திருந்தது. கிளைமாக்ஸில் வருகிறவன் ராக்தான் என்று கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். ஆக, கைவசம் இருந்ததிலேயே பக்குவப்படாத தொழில்நுட்பத்தின் மேல், நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்துப் பழகிய முகத்தை ஏற்றினார்கள். அதையும் படத்தின் உச்சிக் காட்சியில், நல்ல வெளிச்சத்தில். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் முழுப்பழியையும் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நிஜத் தேள் ராஜா

கொஞ்சம் விலகி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் படத்தைவிட எனக்கு அது பிடிக்கும்.

தேள் ராஜா என்று ஒருவன் இருந்ததற்கு அடையாளம் உண்டு. தெற்கு எகிப்தில் ஹியராகோன்போலிஸ் என்ற இடத்தில் 1890-களின் கடைசியில் குவிபெல், கிரீன் என்ற இருவர் தோண்டியபோது சுண்ணாம்புக்கல் கதாயுதத்தலை ஒன்று கிடைத்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சண்டைக்கு ஆகாத அளவு பெரியது. கோயிலுக்குக் காணிக்கையாகச் செய்திருப்பார்கள். அதில் மேல் எகிப்தின் வெள்ளைக் கிரீடம் வைத்த ஒரு ராஜா செதுக்கப்பட்டிருக்கிறான். முகத்துக்கு நேரே ஒரு பூ வடிவம், ஒரு தேள். அந்தத் தேள்தான் அவன் பெயர் என்று படிக்கிறார்கள். காலம் ஏறக்குறைய கி.மு. 3100-ஐ ஒட்டி.

கையில் என்ன வைத்திருக்கிறான் தெரியுமா? மண்வெட்டி. எதிரே ஒருவன் குனிந்து கூடையை நீட்டுகிறான். பின்னால் விசிறி பிடிப்பவர்கள். கீழே தண்ணீர் ஓடுகிறது. வாய்க்கால் வெட்டுகிறான் என்பது பரவலான விளக்கம். ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால் தன் பெயரை நிலைநிறுத்த ஒரு ராஜா தேர்ந்தெடுத்த காட்சி, மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நிற்பது.

படத்தில் வருகிற மற்றவர்களும் இப்படித்தான். நிஜ இம்ஹோடெப், ஜோசர் மன்னனுக்குச் சக்காராவில் படிப் பிரமிடு கட்டிக் கொடுத்த மந்திரி. பின்னாளில் எகிப்தியர் அவரை மருத்துவக் கடவுளாகக் கும்பிட்டார்கள். கிரேக்கர்கள் தங்கள் வைத்திய தெய்வம் அஸ்கிளீபியஸ் இவர்தான் என்றார்கள். அனுபிஸ் பிணத்தைப் பதப்படுத்தும் வேலைக்கும் கல்லறைக்கும் காவல் தெய்வம். சேனை திரட்டி ஊரை அழிப்பது அவன் வேலை இல்லை. செட்டி மன்னன் சபையில் இளவரசியும் அனக்-சு-நமூனும் சண்டை போடுவது சாய் என்ற மூன்றுமுனை ஆயுதத்தால். அது ஜப்பானின் ஒகினாவாத் தீவுச் சரக்கு! இத்தனைக்கும் பழைய எகிப்திய மொழி வசனங்களுக்கு மட்டும் ஸ்டூவர்ட் டைசன் ஸ்மித் என்ற எகிப்தியல் பேராசிரியரை வைத்து, உச்சரிப்பை ஊகித்துக் கட்டியெழுப்பினார்கள். எதற்கு மெனக்கெட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் இந்தப் படத்துக்கு ஒரு விநோதமான கணக்கு இருக்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று

ஒன்றும் ஆகவில்லை. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் 6.8 கோடி டாலர். அதுவரைக்கும் அதைவிடப் பெரிய தொடக்கம் 1997-ல் வந்த ஜுராசிக் இரண்டாம் பாகத்துக்கு மட்டும்தான் இருந்தது. அமெரிக்காவில் 20 கோடி, உலகம் முழுக்க 43 கோடிக்கு மேல். முதல் பாகத்தைவிட அதிகம். கிராபிக்ஸுக்கான ஆஸ்கர் பட்டியலில் அந்த வருடம் மூன்று படங்கள் இருந்தன, இது இல்லை. யாரும் அதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

ஜான்சனுக்கு அடுத்த வருடமே ‘தி ஸ்கார்பியன் கிங்’. முதல் முறையாகக் கதாநாயகன், சம்பளம் 55 லட்சம் டாலர். முதல் கதாநாயக வேடத்துக்கு யாரும் அவ்வளவு வாங்கியதில்லை என்று கின்னஸில் ஏறியது. சக் ரஸ்ஸல் இயக்கம், செலவு 6 கோடி. அதில் அவர் வாளோடு வரும் முழு மனிதர். தேள் உடம்பு கிடையாது. புத்தி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈபர்ட் குறையாகச் சொன்ன ரோலர் கோஸ்டரை யுனிவர்சல் நிஜமாகவே கட்டிவிட்டது. 2004-ல் ஆர்லாண்டோவிலும் ஹாலிவுட்டிலும் ‘ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி’ என்று இருட்டுக்குள் ஓடும் ரயில். 2010-ல் சிங்கப்பூர் செந்தோசாவிலும். சிங்கப்பூர் போய்விட்டு வருகிற நம்மவர்களில் பாதிப்பேர் சொல்கிற கதையில் அது இருக்கும்.

மூன்றாம் பாகம் 2008-ல் சீனாவுக்குப் போனது. இயக்குநர் ராப் கோஹன். எவ்லினாக நடித்த ரேச்சல் வைஸ் வரவில்லை, அவர் இடத்தில் மரியா பெல்லோ. 14.5 கோடி செலவு, ஏறக்குறைய 40 கோடி வசூல், யாருக்கும் ஞாபகமில்லை. 2017-ல் டாம் குரூஸை வைத்து மொத்தமாகப் புதிதாகத் தொடங்கி, அதை அடித்தளமாக வைத்து ஒரு பேய் உலகத்தையே கட்டத் திட்டம் போட்டார்கள். அந்த ஒரு படத்தோடு திட்டத்தையே மூட்டை கட்டினார்கள். அதன் கிராபிக்ஸில் பிளாஸ்டிக் தோல் எங்கும் இல்லை.

பழைய இரண்டை மட்டும் டிவியில் எப்போது போட்டாலும் வீட்டில் யாராவது ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தேள் ராஜா செத்த பிறகு வரும் காட்சிதான் நினைவுக்கு வரும். அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் பலர் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

ஈட்டி பாய்ந்து தேள் ராஜா ஒழிந்தாயிற்று. தரை பிளந்து பாதாளம் திறந்துவிட்டது. விளிம்பில் ஓகானலும் இம்ஹோடெப்பும் ஆளுக்கொரு பக்கம் தொங்குகிறார்கள். கீழிருந்து செத்தவர்களின் கைகள் காலைப் பிடித்து இழுக்கின்றன. உள்ளே நுழையும்போதே அனுபிஸ் இம்ஹோடெப்பின் மந்திர சக்தியையெல்லாம் பிடுங்கிவிட்டான். இப்போது அவன் வெறும் மனிதன். மேலே கல் பெயர்ந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. ஓகானல் ‘வராதே, ஓடு’ என்று கத்தியும் எவ்லின் கல்மழைக்குள் ஓடி வந்து அவன் கையைப் பிடித்து மேலே இழுக்கிறாள். இம்ஹோடெப் தன் காதலியைக் கூப்பிடுகிறான். இவளுக்காகத்தானே மன்னனைக் கொன்றான், இவளுக்காகத்தானே உயிரோடு புதைக்கப்பட்டான், இரண்டு முறை எழுந்து வந்தான். அனக்-சு-நமூன் ஒரு நொடி நிற்கிறாள். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போகிறாள்.

கேமரா வோஸ்லூவின் முகத்துக்கு வருகிறது. அவன் எதிரே கட்டிப்பிடித்து நிற்கிற இருவரையும் பார்க்கிறான். கண் கலங்கியிருக்கிறது, உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போகிறது. பிறகு, விளிம்பைப் பிடித்திருந்த கையை விட்டுவிடுகிறான்.